கை உயர்த்தியவர்களும் பெட்டியில் கீறியவர்களும்: சிட்னி, 2017

2017இல் அவுஸ்திரேலிய அரசு தன்பாலினத் திருமணம் பற்றி நாட்டு மக்களிடம் தபாலில் கேட்டது. அப்போது சிட்னியின் மேற்குப் புறத்தில் ஒரு தமிழ் முதியோர் சங்கம், "எங்கட சனம் என்ன நினைக்குது" என்று தானும் அறிந்துகொள்ள முயன்றது. நான் அங்கே தன்னார்வலனாக இருந்தேன். நடந்த பிழைகளில் பாதிக்கு மேல் என்னுடையவை. சங்கத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே இல்லை. ஊரளவில் கருத்துக் கேட்கப் போகும் யாருக்கும் பயன்படலாம் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பின்னணி

அவுஸ்திரேலியாவில் 1924 முதல் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம். போகாவிட்டால் தண்டம். ஆனால் 2017இல் நடந்தது தேர்தலும் அல்ல, அரசியலமைப்பைத் திருத்தும் சர்வசன வாக்கெடுப்பும் அல்ல. திருமணச் சட்டத்தை மாற்ற நாடாளுமன்றமே போதும். ஆளுங்கட்சிக்குள் இழுபறி என்பதால்தான் விஷயம் மக்களிடம் வந்தது. முதலில் கட்டாய வாக்கெடுப்பு ஒன்றுக்கு அரசு முயன்றது. 2016 நவம்பரில் செனட், அதாவது நாடாளுமன்றத்தின் மேலவை, அதை மறுத்தது. 2017 ஆகஸ்டிலும் மறுத்தது. உடனே செனட்டின் தயவு தேவைப்படாத ஒரு வழி பிடித்தார்கள். தேர்தல் ஆணையத்துக்குப் பதிலாகப் புள்ளிவிபரப் பணியகம், வாக்கெடுப்பு என்ற பெயருக்குப் பதிலாகத் தபால்வழிக் கருத்தாய்வு. ஒரு வருடத்துக்கு முன்னர் குடிசன மதிப்பு எடுத்த இரவில் இணையத்தளம் படுத்துப்போனதே, அதே பணியகம். சங்கத்தில் அதை ஒருவரும் மறந்திருக்கவில்லை.

இந்தக் கருத்தாய்வை எதிர்த்து நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கு செப்டம்பர் 7ஆம் திகதி தோற்றது. 12ஆம் திகதியிலிருந்து படிவங்கள் வீடுகளுக்கு வரத் தொடங்கின. வாக்காளர் பட்டியலில் இருந்த ஒரு கோடியே அறுபது இலட்சம் பேருக்கும் படிவம் உண்டு. திருப்பி அனுப்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். நவம்பர் 7 கடைசி நாள். அது மெல்பேர்ன் கப் குதிரைப் பந்தய நாள் என்பதைச் சங்கத்தின் பொருளாளர் ஒவ்வொரு அறிவிப்பிலும் சேர்த்துச் சொன்னார். அப்படிச் சொன்னால்தான் மறக்கமாட்டார்களாம்.

படிவத்தில் இருந்தது ஒரே கேள்வி. தமிழில் சொன்னால்: ஒரே பாலினத்தைச் சேர்ந்த இணையர் திருமணம் செய்ய அனுமதிக்கும்படி சட்டத்தை மாற்ற வேண்டுமா? கீழே இரண்டு பெட்டிகள், ஒரு பட்டைக்குறி (பார்கோட்). கூடவே முத்திரை ஒட்டத் தேவையில்லாத பதில் உறை. பெயர் எழுத இடமில்லை, கையெழுத்தும் இல்லை.

சங்கம் புதன்கிழமைகளில் காலை பத்து மணிக்குக் கூடும். வருகிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது தாண்டியவர்கள். வென்ட்வர்த்வில், வெஸ்ட்மீட் பக்கம் பிள்ளைகளோடு இருப்பவர்கள். கூட்டாட்சித் தொகுதி பரமட்டா. சிலர் பக்கத்துத் தொகுதிகளிலிருந்தும் வருவார்கள். "ஓம்" அல்லது "இல்லை" என்று ஒரு நாடே இவர்களைக் கேட்டது இது முதல் தடவை அல்ல. 1982 டிசம்பரில் இலங்கையில் தேர்தலே வைக்காமல் நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கச் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. ஓம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ்ப்பாணம் குடத்துக்குப் போட்டது. நாடு மொத்தமாக 54.66 சதவீதம் விளக்குக்குப் போனது. படிவம் வந்த வாரம் ஒரு ஐயா உறையை மேசையில் வைத்துவிட்டு, "இதில விளக்கு எது, குடம் எது?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சங்கம் என்ன கேட்டது

செப்டம்பர் நடுவில் செயற்குழுவில் இருவர் ஒரு யோசனை கொண்டுவந்தார்கள். பல மதச் சபைகளும் சமூக அமைப்புகளும் அறிக்கை விடுகின்றன, நாமும் விடவேண்டும் என்பதுதான் யோசனை. அறிக்கையின் முதல் வரி கூடத் தயாராக இருந்தது: "மேற்குச் சிட்னித் தமிழ் முதியோர் இம்மாற்றத்தை எதிர்க்கின்றனர்." தலைவர் நிதானமானவர். "எதிர்க்கினமோ எண்டு கேட்டனீங்களோ?" என்றார். கேட்கவில்லை. சரி, கேட்போம் என்று முடிவானது. கணக்குப் படித்தவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

தேசியக் கருத்துக்கணிப்புகளைப் பார்த்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்த நாட்களில் வந்த கணிப்புகளில் எல்லாம் "ஆம்" பக்கமே முன்னால் நின்றது. ஆனால் ஒரு தேசியக் கணிப்பு கேட்பது ஆயிரம், மிஞ்சினால் ஆயிரத்தைந்நூறு பேரை. நாட்டில் 150 தொகுதிகள். வகுத்தால் தொகுதிக்கு மிஞ்சினால் பத்துப் பேர் வருவார்கள். அந்தப் பத்தில் ஒரு தமிழர் வருவதே அதிசயம். வந்தாலும் ஆங்கிலத்தில் தொலைபேசி எடுத்தவுடன் "வேண்டாம்" என்று வைத்துவிடாதவராக அவர் இருக்க வேண்டும். நாடு முழுவதற்கும் சரியாக இருக்கும் ஒரு கணிப்பு, ஒரு தெருவைப் பற்றி எதுவும் சொல்லாது.

முதல் முயற்சி: செப்டம்பர் 20

அந்தப் புதன்கிழமை நான் எழுந்து நின்று கேட்டேன்: "ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் கட்டலாமோ? ஓம் எண்டிறவை கையை உயர்த்துங்கோ."

ஒரு கை பாதி எழுந்து கீழே போனது. தலையைச் சொறிய எழுந்த கையாகவும் இருக்கலாம்.

"இல்லை எண்டிறவை?"

கூடம் முழுக்கக் கை. முன்வரிசையில் இரண்டு பேர் இரண்டு கையையும் உயர்த்தினார்கள். தேநீர் வண்டி வந்தது, வேலை முடிந்தது. அறிக்கை எழுத நினைத்தவர்கள் என் தோளில் தட்டினார்கள்.

எனக்கும் அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது. அடுத்த இரண்டு நாளில்தான் ஒவ்வொன்றாகக் கழன்றது.

முதலாவது, கார் தரிப்பிடத்தில். கை உயர்த்திய ஒரு மாமியிடம் படிவத்தை அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டேன். உறையை இன்னும் உடைக்கவில்லையாம், மின்சாரக் கட்டணமாக்கும் என்று குளிரூட்டிக்கு மேலே வைத்திருக்கிறாராம். "அப்ப ஏன் மாமி கை உயர்த்தினீங்கள்?" "முன்னுக்கு இருந்தவை எல்லாரும் உயர்த்தினவை, தம்பி."

இரண்டாவது, கை உயர்த்தியவர்களில் சிலருக்குப் படிவமே வராது. 2012, 13இல் படகில் வந்து தற்காலிக விசாவில் இருப்பவர்களும், நிரந்தர வதிவிடம் இருந்தும் குடியுரிமை எடுக்காதவர்களும் வாக்காளர் பட்டியலில் இல்லை. அவர்கள் கருத்துக்கு மதிப்பில்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் அரசு கேட்ட கூட்டம் வேறு, நான் கேட்ட கூட்டம் வேறு.

மூன்றாவது, கேள்வியே பிழை. படிவம் கேட்டது சட்டத்தை மாற்றலாமா என்று. நான் கேட்டது கல்யாணம் கட்டலாமா என்று. முதலாவது அரசாங்கத்தின் வேலையைப் பற்றியது. இரண்டாவதைக் கேட்டவுடன் ஒவ்வொருவருக்கும் தன் வீட்டு மணவறைதான் கண்ணில் வரும். அன்று மாலை ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார்: "என்ர பேரன் கட்டலாமோ எண்டு கேட்டால் நான் இல்லை எண்டுதான் சொல்லுவன். அரசாங்கம் ஆரையும் மறிக்கவேணுமோ எண்டு கேட்டால் அது வேற கதை. நீர் எதைக் கேட்டனீர்?" எதைக் கேட்டேன் என்று எனக்கே தெளிவாக இருக்கவில்லை.

நான்காவதாக வந்ததுதான் போக்கை மாற்றியது. ஒழுங்காக வரும் ஓர் அம்மா அனுப்பிய குறுஞ்செய்தி. அதில் திட்டும் இல்லை, விளக்கமும் இல்லை: "அடுத்தமுறை கையை உயர்த்தச் சொல்லேக்க, கூடத்தில இருக்கிற ஆற்றையோ பிள்ளையைப் பற்றிக் கேட்கிறியள் எண்டதையும் யோசியுங்கோ." அவர் அடுத்த இரண்டு புதன்கிழமையும் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடாது.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

செயற்குழு மறுபடி கூடியது. மூன்று வழிகள் இருந்தன. கை உயர்த்தலை வைத்து அறிக்கை விடலாம், எல்லாவற்றையும் கைவிடலாம், அல்லது ஒழுங்காகக் கேட்கலாம். இரண்டாவதுதான் எனக்குச் சௌகரியம். தலைவர் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார். அறிக்கை ஆசைக்காரர்களை வெறுமனே "வேண்டாம்" என்று சொல்லி அடக்க முடியாது, காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டேன். சீட்டில் எழுதிக் கேட்போம், எண்ணிக்கையைச் செயற்குழுவுக்கு மட்டும் சொல்வோம், வெளியே ஒருபோதும் சொல்லமாட்டோம். அதை முன்கூட்டியே எல்லாருக்கும் அறிவித்துத்தான் சீட்டுக் கொடுத்தோம். அதனால் இங்கேயும் எண்கள் இல்லை.

கருத்துக்கணிப்பில் ஒரு பழைய சிக்கல் உண்டு. கேட்பவர் எதிரே நின்றால், எந்தப் பதில் மரியாதையானது என்று படுகிறதோ அதையே மக்கள் சொல்வார்கள். வழக்கமாகத் தன்பாலினத் திருமண விஷயத்தில் இது "ஆம்" பக்கத்தை ஊதிப்பெருக்கும் என்பார்கள். 2015 மே மாதம் அயர்லாந்தில் கடைசி வாரக் கணிப்புகள், முடிவெடுக்காதவர்களைக் கழித்தால், எழுபதை ஒட்டி "ஆம்" காட்டின. பெட்டியைத் திறந்தபோது 62.07. வெட்கத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது, கடைசி நாட்களில் மனம் மாறியவர்களும் இருப்பார்கள். எங்கள் கூடத்தில் காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. அங்கே மரியாதையான பதில் "இல்லை". ஆகவே எந்தப் பக்கம் எவ்வளவு ஊதியிருக்கிறது என்பது கேட்கப்படும் அறையைப் பொறுத்தது. இதை அன்று குழுவுக்கு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "நாலு பேருக்கு முன்னால சொல்லுற கதையும் வீட்டுக்குள்ள சொல்லுற கதையும்" என்று தலைவர் ஒரே வரியில் முடித்தார்.

இரண்டாம் முயற்சி: அக்டோபர் 4

பிஸ்கட் பேணி ஒன்றின் மூடியில் கத்தியால் வெட்டிப் பெட்டியாக்கினோம். பேனாக்களை மேசையில் தள்ளித் தள்ளி வைத்தோம். படிவத்துக் கேள்வியைத் தமிழில் எழுதி, வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்டோம். படிவம் கிடைத்தவர்களுக்கு வெள்ளைச் சீட்டு, கிடைக்காதவர்களுக்கு மஞ்சள். "எனக்கு விருப்பமில்லை" என்று வெறும் சீட்டைப் போடலாம் என்பதையும் சொன்னோம்.

அப்படியும் ஒரு பிழை. படிவத்தைப் பார்த்து "ஆம்", "இல்லை" என்று இரண்டு பெட்டி போட்டிருந்தேன். ஆனால் "மாற்ற வேண்டுமா?" என்று தமிழில் கேட்டால் வரும் பதில் வேண்டும், அல்லது வேண்டாம். "இல்லை" என்பது அந்தக் கேள்விக்குப் பொருந்திய பதிலே இல்லை. எண்ணும்போதுதான் இது தெரிந்தது. சிலர் இரண்டு பெட்டியையும் விட்டுவிட்டு ஓரத்தில் "வேண்டாம்" என்று எழுதியிருந்தார்கள். அவை பிரச்சினையில்லை. ஒரு சீட்டில் "இல்லை" பெட்டியில் அழுத்திக் கீறி, பக்கத்தில் நடுங்கும் எழுத்தில் இப்படி இருந்தது: "ஆட்சேபணை இல்லை."

இதை எதில் சேர்ப்பது? நாங்கள் மூன்று பேர் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் இருந்தோம். பெட்டியைப் பார்த்தால் எதிர்ப்பு. எழுத்தைப் பார்த்தால் சம்மதம். பதிலளித்தவரின் எண்ணம் தெளிவாக இருந்தால் எண்ணலாம், இல்லாவிட்டால் தெளிவற்றது என்று ஒதுக்க வேண்டும் என்பது புள்ளிவிபரப் பணியகத்தின் விதி. எனக்கு எண்ணம் தெளிவாகப் பட்டது. மற்ற இருவருக்கும் படவில்லை. ஒதுக்கினோம். தேசிய அளவில் அப்படி ஒதுக்கப்பட்ட பதில்கள் 36,686. அவற்றில் எத்தனை இப்படி மொழி இடறிய சீட்டுகளோ.

கேள்வி எழுதுவது சில்லறை வேலை அல்ல என்பதற்கு வெளியே பெரிய உதாரணங்களும் உண்டு. 2008இல் கலிபோர்னியாவின் எட்டாவது முன்மொழிவில் "ஆம்" என்று போட்டால் தன்பாலினத் திருமணத்துக்குத் தடை. ஆதரிப்பவர் "இல்லை" போட வேண்டியிருந்தது. 2018இல் தாய்வானில், குடியியல் சட்டத்தின் திருமணம் ஆண் பெண் இணைவுக்கு மட்டும்தானா என்ற கேள்விக்கு 72.48 சதவீதம் ஓம் என்றது. அடுத்த மே மாதமே, அரசியலமைப்பு நீதிமன்றம் 2017இல் விதித்த கெடுவுக்குள், தனிச் சட்டம் வழியாக அங்கே தன்பாலினத் திருமணம் வந்தது. குடியியல் சட்டத்தைத் தொடவில்லை, கேள்வியும் அதைப் பற்றித்தானே என்றார்கள்.

சரி, எங்கள் பேணிக்கு வருவோம். "இல்லை" பெரும்பான்மையாகவே இருந்தது. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கூடம் முழுக்க எழுந்த கைகளுக்கும் பேணிக்குள் இருந்த சீட்டுகளுக்கும் உறவினர் என்று சொல்ல முடியாத அளவுக்கு வித்தியாசம். எங்களை அதிகம் யோசிக்க வைத்தவை வெறும் சீட்டுகள். மடித்து, மடித்து, நாலாக மடித்துப் போட்ட வெற்றுக் காகிதங்கள். "நீங்கள் கேட்கவேண்டாம்" என்பதும் ஒரு கருத்துத்தான், அதற்குப் பெட்டி இல்லை.

அறிக்கை விடுவதில்லை என்று குழு தீர்மானித்தது. முதல் வரி எழுதி வைத்திருந்தவர் மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அறிக்கைக்குப் பதிலாக, படிவத்தை எப்படி நிரப்புவது என்று மட்டும் உதவுவது, எதற்குப் போடுவது என்று வாய் திறப்பதில்லை என்று ஒரு மேசை போட்டோம்.

உதவி மேசையில் பார்த்தது

ஒரு மருமகள், வீட்டில் வந்த நான்கு படிவத்தையும் மாமாவே நிரப்பி அனுப்பிவிட்டார் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தண்ணீர்க் கட்டணத்தை யார் கட்டினார் என்று சொல்வதுபோலச் சொன்னார். ஊரில் கூப்பன் அட்டை முதல் எல்லாவற்றையும் குடும்பத் தலைவர் நிரப்பிய பழக்கம். மாமா களவு செய்வதாக நினைக்கவே இல்லை, பொறுப்பாகச் செய்ததாகத்தான் நினைத்தார். நம்பிக்கையான ஒருவரிடம் நாமாகக் கேட்டு உதவி பெற விதி இடம் கொடுத்தது. கேட்காமல் நிரப்புவது வேறு. மாற்றுப் படிவம் கேட்க அக்டோபர் 20 வரை நேரம் இருந்தது. மருமகள் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது, அவர் போகும்போது தொலைபேசி இலக்கத்தை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டார்.

இன்னொருவருக்குப் பட்டைக்குறிமேல் பயம். "இதை வைச்சு ஆர் என்ன போட்டது எண்டு பிடிப்பாங்கள்." ஒரே படிவம் இருமுறை எண்ணப்படாமல் இருக்கத்தான் அந்தக் குறி, பெயரும் பதிலும் ஒரே இடத்தில் சேர்வதில்லை என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டுக் குறியைக் கிழித்துவிடலாமா என்று கேட்டார். கிழித்தால் எண்ணமாட்டார்கள் என்றேன். இலங்கையில் கலவரக் காலத்தில் பட்டியல் எடுத்துக்கொண்டு வீடு தேடி வந்ததைக் கண்ட தலைமுறை அது. அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமையில்லை.

கூட வந்த கேள்விகளில் அதிகமானவை திருமணத்தைப் பற்றியவையே அல்ல. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு என்ன படிப்பிப்பார்கள், கோயில் ஐயரைக் கட்டாயப்படுத்துவார்களா என்பவைதான். "இல்லை" தரப்பின் தொலைக்காட்சி விளம்பரம் பள்ளிக்கூடத்தைத்தான் பிடித்திருந்தது. அது அவர்களுக்கு நன்றாக வேலை செய்தது என்பதை அந்த மேசையில் இருந்தே சொல்லலாம். நாங்கள் படிவத்தின் கேள்வியை விரலால் காட்டி, "இதில கேட்டிருக்கிறது இவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னோம். பாதிப் பேருக்கு அது பதிலாகப் படவில்லை.

நவம்பர் 15

முடிவு அறிவித்த நாளும் புதன்கிழமை, நேரமும் காலை பத்து. திட்டமிட்டதுபோல எங்கள் கூட்ட நேரம். ஒருவரின் கைத்தொலைபேசியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தலைகள். தலைமைப் புள்ளிவிபரவியலாளர் எண்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் வாசித்தார். 1,27,27,920 பேர் பதில் அனுப்பியிருந்தார்கள், 79.5 சதவீதம். ஆம் 61.6, இல்லை 38.4. எல்லா மாநிலமும் ஆம். 150 தொகுதிகளில் 133 ஆம்.

கட்டாயமில்லாத ஒன்றுக்கு அவ்வளவு பேர் பதில் போட்டது யாரும் எதிர்பார்க்காதது. இளையவர்கள் தபால் பெட்டியைத் தேடிப் போகமாட்டார்கள் என்று பலர் சொல்லியிருந்தார்கள். 18, 19 வயதினரில் 78.2 சதவீதம் அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் முதலிடம் எழுபது முதல் எழுபத்து நாலு வயதினருக்கு, 89.6. இதைக் கேட்டுச் சங்கத்தில் ஒரு சின்னக் கைதட்டல்.

பிறகு தொகுதிவாரிப் பட்டியல். பரமட்டாவை ஒருவர் தேடிப்பிடித்து உரக்க வாசித்தார்: "அறுபத்தொண்டு தசம் ஆறு." நாட்டு எண்ணைத்தான் திரும்ப வாசிக்கிறார் என்று நினைத்தோம். இல்லை. பரமட்டாவில் "இல்லை" 61.6, "ஆம்" 38.4. நாட்டின் எண்ணை அப்படியே கவிழ்த்துவைத்தது போல. தற்செயல்தான், ஆனாலும் அந்தக் கைத்தொலைபேசி கைமாறிக் கைமாறி எல்லாரிடமும் போய்வந்தது.

"இல்லை" என்ற 17 தொகுதிகளில் 12 சிட்னியில், பெரும்பாலும் மேற்கில். பிளாக்ஸ்லாந்து 73.9 வரை போனது. அடுத்த நாளே காரணம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள், குடியேறிகள்தான் என்று. எங்கள் கூடத்திலும் அதே குரல், ஆனால் பெருமையோடு: "எங்கட சனம்தான் காட்டினது."

எனக்கு இங்கேதான் பொறுமை போனது. பரமட்டாத் தொகுதியில் இந்தியர், சீனர், லெபனானியர், கொரியர், பரம்பரை பரம்பரையாக இருக்கும் வெள்ளையர் எல்லாரும் இருக்கிறார்கள். தமிழர் அதில் சின்னப் பங்கு. அந்தப் பங்கு முழுவதும் "ஆம்" போட்டிருந்தாலும், முழுவதும் "இல்லை" போட்டிருந்தாலும் தொகுதி "இல்லை" என்றுதான் வந்திருக்கும். பானையின் மொத்த உப்பை வைத்து எந்தப் பருக்கை எவ்வளவு உப்பு என்று சொல்ல முடியாது. படிவத்தில் இனமும் மதமும் கேட்கவில்லை. குடிசன மதிப்பில் பிறந்த நாடு, மதம் என்பவற்றையும் தொகுதி முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஒரு சாய்வு தெரியும். அது தொகுதிகளைப் பற்றிய செய்தி. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியது அல்ல. தமிழர் எப்படிப் போட்டார்கள் என்று கேட்டால், எங்கள் பிஸ்கட் பேணி மட்டும்தான் ஏதோ கொஞ்சம் சொன்னது. அது ஒரு கூடம், ஒரு வயது, ஒரு புதன்கிழமை.

அதற்குப் பிறகு

நவம்பர் 29இல் செனட் 43க்கு 12 என்று மசோதாவை நிறைவேற்றியது. டிசம்பர் 7இல் கீழவை. எதிர்த்து வாக்களித்தவர்கள் நான்கே பேர். பிளாக்ஸ்லாந்து உறுப்பினரும், எங்கள் பரமட்டா உறுப்பினரும், தங்கள் தொகுதி "இல்லை" என்றிருந்தும் ஆதரித்தார்கள். "இல்லை" பக்கம் முன்னின்ற முன்னாள் பிரதமரின் தொகுதியோ 75 சதவீதம் "ஆம்". அவர் வாக்கெடுப்பு நேரத்தில் அவையில் இருக்கவில்லை. சட்டம் டிசம்பர் 9இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் வழக்கமான திருமணங்கள் 2018 ஜனவரி 9 முதல். சங்கத்தில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை, பொங்கல் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. குறுஞ்செய்தி அனுப்பிய அம்மா பொங்கலுக்கு வந்திருந்தார், தேநீர் வண்டியைத் தள்ளினார்.

திரும்பச் செய்தால்

கை உயர்த்தலைச் செய்யவே மாட்டேன். பிழையான எண் தருவதோடு அது நிற்கவில்லை. ஒரு தடவை எல்லார் முன்னாலும் "இல்லை" என்று கை உயர்த்தியவருக்கு இரண்டு வாரம் கழித்துச் சீட்டில் வேறுமாதிரிக் கீறுவது கஷ்டம். எங்கள் இரண்டாவது எண்ணிக்கையையும் முதலாவது கறைப்படுத்தியிருக்கும். எவ்வளவு என்று கண்டுபிடிக்க வழியில்லை.

கேள்வியைத் தமிழிலேயே யோசித்து எழுதி, இரண்டு மூன்று பேரிடம் முதலில் பரீட்சித்துப் பார்ப்பேன். பெட்டிகள் "மாற்ற வேண்டும்", "மாற்ற வேண்டாம்". மூன்றாவதாக "சொல்ல விரும்பவில்லை". அது கடைசியாக ஒட்டவைத்ததாக இல்லாமல் மற்ற இரண்டின் அளவிலேயே இருக்கும். கேட்கும் முன்னரே, இந்த எண்ணை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று குழுவிடம் எழுதி வாங்குவேன். அறிக்கையின் முதல் வரி முன்பே தயாராக இருந்தால் கேட்கவே மாட்டேன்.

சீட்டுகளை 2017 டிசம்பரிலேயே கிழித்துப்போட்டோம். பேணி மட்டும் சமையலறை அலுமாரிக்குமேல் கிடந்தது.

2023 அக்டோபரில், பூர்வகுடிகள் சார்பில் நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் "குரல்" என்ற அமைப்பு வேண்டுமா என்ற சர்வசன வாக்கெடுப்புக்கு முன்னர், புதிதாக வந்த ஒருவர் ஒரு புதன்கிழமை எழுந்து, "எங்கட ஆக்கள் என்ன நினைக்கினம் எண்டு கையை உயர்த்திப் பார்ப்பமே" என்றார். யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. பொருளாளர் எழுந்து போய்ப் பேணியை எடுத்துத் துடைத்தார். போதும் ஐயா, இந்தமுறை நாங்கள் கேட்கத் தேவையில்லை என்றேன். உதவி மேசை மட்டும் போட்டோம். அந்த வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே ஒரு வெற்றுப் பெட்டி, அதற்குள் யெஸ் அல்லது நோ என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். முன்பு விளக்கையும் குடத்தையும் கேட்ட அதே ஐயா, கட்டண உறை ஒன்றின் முதுகில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். இரண்டு சொல்லையும், ஒன்றின்கீழ் ஒன்றாக, சம எண்ணிக்கையில்.

"எதை எழுதப் போறீங்களோ அதை மட்டும் பழகினால் போதுமே, ஐயா."

"பழகலாம். பக்கத்தில நீர் இருக்கிறீரே."